மொறிஸ் மைனர் எஞ்சின் புளொக்கில் வெடிப்பு: ஒட்டுவதா, தைப்பதா?

கொக்குவில் வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 948 சிசி எஞ்சின் பூட்டிய மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் இது. இப்போது டிஸ்ரிபியூற்றர் இருக்கும் பக்கத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அறையின் வெளிச்சுவரில், ஏறத்தாழ நான்கு அங்குல நீளத்துக்கு மயிரிழை போன்ற வெடிப்புத் தெரிகிறது. சூடேறியதும் தண்ணீர் கசிகிறது. எஞ்சின் ஒயில் மட்டும் வெளுக்காமல் சுத்தமாகவே இருக்கிறது. வெல்டிங் செய்யலாம் என்கிறார் ஒருவர். பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேறு புளொக் தேடச் சொல்கிறார் மற்றவர். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் மாற்ற எனக்கு விருப்பமில்லை. மண்ணெண்ணெயில் ஓடியதால்தான் வெடித்ததா என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பழைய லேத்காரர்:
தம்பி, புளொக்கை மாற்ற அவசரப்பட வேண்டாம். வெடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே வைத்தியத்தைத் தீர்மானிக்கும். சிலிண்டர் சுவரில் என்றால் துளையைக் கடைந்து லைனர் எனும் உட்குழாய் அடிக்க வேண்டியிருக்கும். கிராங்க் தாங்கும் மெயின் பெயரிங் பகுதியில் என்றால் அந்தப் புளொக்கைக் கைவிடுவதே பாதுகாப்பு. நீங்கள் சொல்லும் வெளிச்சுவர் தண்ணீரைத் தடுத்து வைக்கிறதே தவிர, பெரிய சுமை எதையும் தாங்குவதில்லை. ஒயில் வெளுக்காததும், அதாவது அதில் தண்ணீர் கலக்காததும், நல்ல அறிகுறிதான். ஆனாலும் எஞ்சினை இறக்கி, அந்த இடத்தின் பெயின்றையும் துருவையும் நீக்கி, ஊடுருவும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைத் தூள் தெளித்து, சிவப்புக் கோடு எங்கே எழுகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட வெடிப்பு நீளமாக இருப்பது வழக்கம். அதன் உண்மையான முனைகள் தெரிந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

என் தெரிவு தையல் முறை. வெல்டிங் நெருப்புக்கு அனுமதியில்லாத ரெக்சாஸ் எண்ணெய் வயல்களில் 1930களில் வளர்ந்த முறை இது. வெடிப்பின் நெடுக்கில் துளையிட்டு, மரை வெட்டி, அடைப்புப் பசை பூசிய திருகாணியை இறுக்கித் தலையை அறுத்துவிட்டு, அடுத்த துளையை முந்தைய திருகாணியின் விளிம்பையும் சற்றே கடிக்குமாறு போட்டுக்கொண்டு, இரு முனைகளையும் தாண்டும் வரை செல்ல வேண்டும். வெடிப்பு விரியாதிருக்க இடையிடையே குறுக்குப் பூட்டுகளும் பதிப்பார்கள். பொறுமை வேண்டும், நேரமும் பிடிக்கும். ஆனால் புளொக் சூடாவதில்லை, ஆகவே சிலிண்டர் துளைகள் கோணுவதும் இல்லை.

ஒட்டுவேலை செய்பவர்:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை; இங்கே தையல் முறை தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதால் எழுதுகிறேன். வார்ப்பிரும்பில் கரி கூடுதலாக இருக்கிறது. சாதாரண இரும்புக் கூரால் (வெல்டிங் குச்சியால்) ஒட்டினால், ஒட்டின் ஓரம் விரைவாகக் குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகி, பழைய வெடிப்புக்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்புத் தோன்றும். நிக்கல் கூர்தான் பாவிக்க வேண்டும். முனைகளில் சிறு துளையிட்டு வெடிப்பு ஓடாமல் நிறுத்தி, வி வடிவில் அரைத்து, ஒரு தடவைக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் ஓடாமல், ஒட்டு சூடாக இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின்பே அடுத்த துண்டைப் போட வேண்டும். புளொக்கில் பல வருட ஒயில் ஊறியிருக்கும். அதை முதலில் சுட்டு வெளியேற்றாவிட்டால் ஒட்டில் ஊசித் துளைகள் விழும். முழுப் புளொக்கையும் அறுநூறு பாகை வரை சூடேற்றி ஒட்டி, சுண்ணாம்புத் தூளுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிடும் முறையும் உண்டு. நான்கு அங்குல வெளிச்சுவர் வெடிப்புக்கு அது தேவையற்றது. பிறகு எல்லாவற்றையும் மீண்டும் கடைய வேண்டிவரும்.

கொக்குவில் வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஈபொக்சிப் பசை பூசினால் போதுமா? வெடித்த காரணத்தையும் யாராவது விளக்குவீர்களா?

பழைய லேத்காரர்:
பசை, வேலைக்கு ஆள் கிடைக்கும் வரை தாங்கலாம். சூடும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் அதை நிரந்தரத் தீர்வாக நம்பக் கூடாது.

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் அளவு (தட்டாமல் எரியும் தன்மை) குறைவு என்பதால் எஞ்சின் தட்டும், எரியாத மிச்சம் ஒயிலில் கலந்து அதை ஐதாக்கும். அதனால் பிஸ்ரனும் பெயரிங்கும் கெடுமே தவிர, வெளிச்சுவர் வெடிப்பது அரிது. எனக்குச் சந்தேகம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு தண்ணீர் அறைக்குள்ளும் படிந்து வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கும். அப்படிக் கொதித்து வற்றிய எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைச் சடுதியாக ஊற்றினால் வார்ப்பிரும்பு தாங்காது. ஆகவே வெடிப்பை மூடுவதற்கு முன், பக்கத்து அடைப்புத் தகடுகளைக் கழற்றி உள்ளே இருக்கும் படிவையும் சேற்றையும் சுரண்டி எடுங்கள். றேடியேற்றரையும் கழுவுவியுங்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து மூடி, புளொக்கைச் சுடுநீரில் அமிழ்த்தி, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை செய்யாமல் எஞ்சினைப் பூட்ட ஒருவரையும் அனுமதிக்க வேண்டாம். பூட்டிய பின் காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்புக் கலவையும் மட்டும் விடுங்கள். தையலா, நிக்கல் ஒட்டா என்பதைச் சாயச் சோதனையின் படத்தை இங்கே இட்ட பிறகு முடிவு செய்யலாம்.