மறு: "ஃபாக் ஆஃப் வார்" – வளாக விளையாட்டுக்கு என்ன சொல்?

அன்பின் நண்பர்களுக்கு,

கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்காக நாங்கள் எழுதிவரும் உலாவி விளையாட்டின் சொற்கோப்பில் 'ஃபாக் ஆஃப் வார்' என்ற இந்த ஒன்றுக்குத்தான் தமிழ்ச்சொல் பாக்கி. வரைபடத்தில் ஆடுபவர் இன்னும் காணாத இடங்களை மூடிவைக்கும் மறைப்பு அது. நீங்கள் முன்வைத்த சொற்களை மேற்கோளாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் என் பதிலை எழுதியிருக்கிறேன். அந்தக் கல்லூரியில் 2010இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கின. அப்படிப் படிக்க வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் திறந்து பார்க்கப்போகும் விளையாட்டு இது. அதில் வரும் தமிழ் வாயில் ஒட்ட வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

சூழலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பழைய கேம் பாய் போல 160 × 144 படப்புள்ளித் திரை. ஒரு கட்டம் 16 × 16 புள்ளி, ஆகவே ஒரு நேரத்தில் 10 × 9 கட்டம்தான் கண்ணில் படும். வளாக வரைபடம் 128 × 96 கட்டம். ஆட்டம் தொடங்கும்போது எல்லாமே மூடிக் கிடக்கும். சர்தார் படேல் சாலை வாயிலில் நுழைந்து நடக்க நடக்க, மூன்று கட்ட ஆரத்துக்குள் இருப்பது திறந்துகொண்டே வரும். ஓரங்களில் கரும்புள்ளியும் வெற்றுப்புள்ளியும் மாறி மாறி நிற்க, அதன் நடுவே செங்கட்டடத்தின் முகப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் 1,536 பைட்டில் இது மொத்தமும் உலாவியிலேயே சேமிப்பாகிவிடும்.

> போர்மூடுபனி என்றே வைக்கலாம், மூலத்துக்கு நெருக்கம்.

ஐயா, மூலம் படைத்துறையிலிருந்து வந்தது. 1977இல் வந்த 'எம்பயர்' போன்ற போர் ஆட்டங்களுக்கு அது பொருந்தியது. ராமானுஜன் கணிப்பு மையத்தைத் தேடி நடக்கும் முதலாண்டு மாணவிக்குப் போர் எங்கிருந்து வரும்?

> காணாப்பரப்பு?

அழகான சொல். ஆனால் அது இடத்தைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது இடத்தின் மேல் கிடக்கும் மறைப்புக்கான பெயர். "காணாப்பரப்பு நீங்கியது" என்று எழுதினால் கட்டடமே போய்விட்டதாகப் படிப்பார்கள். 'திரை' ஏற்கெனவே கருவியின் திரைக்குப் போய்விட்டது. 'இருள்' இரவு வண்ண அமைப்போடு மோதும்.

என் பரிந்துரை மூட்டம். மேகமூட்டம், புகைமூட்டம் எல்லாருக்கும் தெரியும். "வானம் மூட்டமா இருக்கு" என்று தனியாகவும் சொல்கிறோம். வினையும் கூடவே வந்துவிடுகிறது: மூட்டம் போட்டிருக்கிறது, மூட்டம் கலைந்தது, மூட்டம் விலகியது. கலைச்சொல்லுக்கு வினை சேராவிட்டால் நிரலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். இதில் அந்தச் சிக்கல் இல்லை. "மூட்டம் விலகியது: ராமானுஜன் கணிப்பு மையம்" என்ற அறிவிப்பு பத்துக் கட்ட அகலத்தில் இரண்டு வரிக்குள் அடங்கியும் விடுகிறது.

> ராமநாதபுரம் பக்கம் மூட்டம் என்றால் கரிமூட்டம்தான்.

உண்மைதான் அக்கா, இது வலுவான மறுப்பு. ஆனால் அங்கேயும் கரி எடுக்க விறகை அடுக்கி மண்ணால் மூடித்தானே போடுகிறார்கள்? வரைபடத்தில் அந்தப் பொருள் குழப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொற்பட்டியலில் 'வரைபட மூட்டம்' என்று முழுவதும் எழுதிவிட்டு, விளையாட்டுக்குள் 'மூட்டம்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. வியூக ஆட்டங்களில் இரண்டு நிலை உண்டு: இதுவரை காணாத இடம் ஒன்று, கண்டபின் பார்வையிலிருந்து விலகிய இடம் மற்றொன்று. முன்னது மூட்டம் என்றால் பின்னதை 'மங்கல்' எனலாம். நம் விளையாட்டில் இரண்டாவதற்கு வேலை இல்லை. மாணவர் ஒரு முறை கண்டுபிடித்த நூலகம் திறந்தே இருக்க வேண்டும், மறுபடி மூடக் கூடாது. ஆனாலும் பட்டியலில் இரண்டையும் சேர்த்தே பதிவோம், நாளைக்கு வேறு யாராவது வியூக ஆட்டத்தைத் தமிழாக்கும்போது கைகொடுக்கும்.

'மங்கல்' பெயர்ச்சொல்லாக நிற்குமா, 'மங்கற்பகுதி' என்று நீட்ட வேண்டுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். மூட்டத்துக்கு வேறு மறுப்பு இல்லையென்றால் சொற்கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்