பிஎச்பி 8.1-க்கு மாறியதும் பெயர்களுக்கு நடுவில் &#039; வருகிறது

கடலோரத்தான்:
வணக்கம். தூத்துக்குடியில் ஒரு சிறிய நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நிரல் நான் எழுதியதல்ல, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. போன வாரம் சர்வரில் அந்த நிரலின் மொழியான பிஎச்பியை 7.4-இலிருந்து 8.1-க்கு மாற்றினோம். அன்றிலிருந்து டி'குரூஸ் என்று சேர்த்தால் டி&#039;குரூஸ் என்று வருகிறது. இந்த ஊரில் டி'குரூஸும் டி'சில்வாவும் தெருவுக்கு நாலு பேர். அட்டையிலும் அப்படியே அச்சாகி, ஒரு பெரியவர் "என் பெயருக்கு நடுவில் என்னப்பா நம்பர்?" என்று கேட்டுவிட்டார்.

பழைய பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. புதிதாகச் சேர்ப்பவைதான் கெடுகின்றன, அதிலும் இரண்டு பேருக்கு மட்டும் வரவில்லை. டேபிளின் கேரக்டர் செட்டை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) மாற்றலாமா?

பழைய_கீபோர்டு:
அதைத் தொடாதீர்கள். எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (வலைப்பக்கத்தில் தனி அர்த்தமுள்ள குறிகளைக் குறியீடாக மாற்றும் பிஎச்பி ஃபங்ஷன்) சேமிக்கும்போது ஒரு தடவை, காட்டும்போது ஒரு தடவை என இரண்டு முறை ஓடுகிறது என்பது என் சந்தேகம். 8.0 வரை அந்த ஃபங்ஷனை ஃபிளாக் (எதை மாற்ற வேண்டும் என்ற குறிப்பு) எதுவும் தராமல் கூப்பிட்டால் இரட்டை மேற்கோளை மாற்றும், ஒற்றை மேற்கோளை விட்டுவிடும். 8.1-இலிருந்து ஒற்றையையும் &#039; ஆக்கிவிடும். தப்பு பழையது, இப்போதுதான் கண்ணில் படுகிறது.

தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயருக்கு, எழுத்துக்குறிகளை எண்ணும் கேர்_லெங்த் போட்டுப் பாருங்கள். டி'குரூஸ் என்பதற்கு 9 வர வேண்டும் (உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும்). 14 வந்தால் மாற்றப்பட்டேதான் உள்ளே போயிருக்கிறது. வெறும் லெங்த் போடாதீர்கள், அது பைட் கணக்கு. தமிழுக்கு மூன்று மூன்றாக எண்ணிக் குழப்பிவிடும்.

கடலோரத்தான்:
14தான் அண்ணா. ஒருவருக்கு மட்டும் 18!

பழைய_கீபோர்டு:
அவருடைய பெயரைத் திருத்துவதற்காகத் திறந்து மறுபடி சேமித்திருப்பீர்கள். அந்தத் தடவை & குறியே மாட்டிக்கொண்டு, அதன் பின்னால் ஏ, எம், பி, அரைப்புள்ளி என்று நாலு சேர்ந்திருக்கும். இன்னொரு முறை சேமித்தால் 22.

உண்மையைச் சொல்லுங்கள், 7.4-இல் மட்டும் & உள்ள பெயர்கள் ஒழுங்காக வந்தனவா?

கடலோரத்தான்:
மாட்டிக்கொண்டேன். நன்கொடை தரும் கடைகளின் பெயரில் & வந்தால் "மற்றும் என்று எழுதவும்" என கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டியது, ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

சேமிக்கும் இடத்தில் உள்ளதை எடுத்துவிடலாமா? முன்னவர் அங்கே "பாதுகாப்புக்கு, நீக்காதே" என்று கமென்ட் போட்டிருக்கிறார். ஒற்றை மேற்கோள் அப்படியே போனால் தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளை உடையாதா?

பழைய_கீபோர்டு:
அந்தக் கட்டளையை, அதாவது குவெரியை, பெயரோடு சேர்த்து ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டி ஒட்டி எழுதியிருந்தால் உடையும். ஆனால் அந்த வரி அதற்குக் காவலே இல்லை தம்பி. எஸ்கியூஎல்லை உடைப்பது ஒற்றை மேற்கோள், 7.4-இல் அது ஒற்றை மேற்கோளைத் தொடவே இல்லையே! இத்தனை நாள் டி'குரூஸ் எப்படி உள்ளே போனார் என்று குவெரியைப் பாருங்கள்.

கடலோரத்தான்:
பார்த்தேன். சேர்க்கும் பக்கத்தில் பிடிஓ (பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு), பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்; குவெரி தனியாக, பெயர் தனியாகப் போகிறது. தேடும் பக்கத்தில் மட்டும் ஒட்டு வேலை.

பழைய_கீபோர்டு:
தேடும் பக்கத்தை இன்றைக்கே பிரிபேர்டுக்கு மாற்றுங்கள், அதுதான் ஆபத்து. அப்புறம் சேமிக்கும் இடத்தில் உள்ள எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸை எடுத்துவிடுங்கள். காட்டும் இடத்தில் உள்ளது இருக்கட்டும். அதையும் எடுத்தால் யாராவது பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்ட் எழுதி வைத்து விளையாடுவார்கள்.

நள்ளிரவு நிரலர்:
உள்ளே கிடக்கும் பழையதையும் சுத்தம் செய்ய வேண்டுமே. பேக்கப் எடுத்துவிட்டு, டேபிளின் பெயர் நெடுவரிசையில் மட்டும், மாற்றியதைத் திருப்பும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்_டீகோடை மாற்றம் நிற்கும்வரை ஓட்டுங்கள். அந்த 18-க்கு இரண்டு சுற்று ஆகும். குறிப்பு நெடுவரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள், யாராவது வேண்டுமென்றே &#039; என்று எழுதியிருக்கலாம்.

தப்பித்த இருவரும் ஐபோனில் அடித்திருப்பார்கள். அதில் ' போட்டால் பெரும்பாலும் வளைந்த ’ ஆகிவிடும். அதை இந்த ஃபங்ஷன் தொடாது. ஆனால் தேடும்போது நேர்க்குறியும் வளைகுறியும் வேறு வேறு, அதையும் கவனியுங்கள்.

கடலோரத்தான்:
ஐபோனேதான்! ஓட்டிவிட்டேன், எல்லாம் 9. அந்தச் சீட்டையும் கிழித்தாயிற்று. பெரியவருக்கு இன்று புது அட்டை.

வெண்பலகை:
இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ' பிரச்சினை இல்லை, தமிழ் என்று அடித்தால் &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று டேபிளில் விழுகிறது. இதுவும் இரட்டை எஸ்கேப் (இரண்டு முறை குறியீடாக மாற்றுவது)தானா?

நள்ளிரவு நிரலர்:
இல்லை, இது பிரவுசர் செய்த வேலை. உங்கள் படிவப் பக்கம் லத்தீன் எழுத்துகளுக்கான பழைய கேரக்டர் செட்டில் இருக்கும். அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்தையும் அதன் யூனிகோட் எண்ணாக்கி அனுப்புகிறது. பக்கத்தைத் தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 ஆக்குங்கள், டேபிளை மைஎஸ்கியூஎல்லில் அதற்குரிய யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். பழையதைத் திருப்ப எச்டிஎம்எல்_என்டிட்டி_டீகோட் வேண்டும், மேலே சொன்ன டீகோட் இந்த எண்களைத் தொடாது.