பத்து நாட்களாகப் பொந்தை விட்டு வராத ஆக்டோபஸ்: நோயா, அடைகாப்பா?

கேள்வி: அலைவாய்

வணக்கம். நான் சான் டியாகோவில் வசிக்கிறேன். அக்ரூட் கொட்டை அளவே இருந்த ஒரு கலிபோர்னிய இரட்டைப்புள்ளி ஆக்டோபஸை எட்டு மாதங்களுக்கு முன்பு வாங்கி, 280 லிட்டர் தொட்டியில் வளர்த்து வருகிறேன். குளிரூட்டியின் உதவியால் நீர் 18 பாகை செல்சியஸில் நிற்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. நைட்ரேட் 10, உப்படர்த்தி 1.025, பி.எச். 8.2.

மாலையில் விளக்கைத் தணித்தவுடன் கண்ணாடியருகே வந்து, நான் நீட்டும் குச்சியின் நுனியிலிருந்து நண்டுக்காலைப் பிடுங்கிக்கொண்டு போவது அதன் வழக்கம். ஆனால் கடந்த பத்து நாட்களாகப் பாறைப் பொந்தை விட்டு அது வெளியே வரவே இல்லை. தின்று போட்ட சிப்பி ஓடுகளையும் அடியில் கிடந்த கூழாங்கற்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பொந்தின் வாயில் அடுக்கி, ஒரு கண் மட்டும் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. நேற்று அந்த இடைவெளியில் ஓர் இறால் துண்டை நீட்டினேன். ஒரு கையின் நுனி வந்து தொட்டுப் பார்த்தது. அடுத்த கணமே நீரைப் பீய்ச்சி, இறாலைத் தொட்டியின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டது.

இது நோயின் அறிகுறியா? பாறையை வெளியே எடுத்து அதன் உடலைப் பார்க்கலாமா? நீரைச் சற்று வெதுவெதுப்பாக்கினால் பசி திரும்புமா? என் பத்து வயது மகள் பள்ளி விட்டு வந்ததும் தொட்டியின் முன்னால்தான் உட்காருகிறாள். அவளுக்கும் நான் ஒரு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில்: பவளத்திட்டு

வணக்கம். பாறையைத் தயவுசெய்து அசைக்காதீர்கள். வாசலை அடைத்துக்கொள்வதும் உணவைத் தள்ளிவிடுவதும் சேர்ந்து நிகழ்வதாலும், நீரின் அளவுகளில் குறை ஏதும் தெரியாததாலும், அது முட்டையிட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உறுதி செய்துகொள்ள, அறையை இருட்டாக்கிவிட்டுச் சிவப்பு விளக்கை மட்டும் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஆக்டோபஸின் கண்ணில் ஒரே வகை ஒளி நிறமிதான் உண்டு. அது நீலப்பச்சை ஒளிக்கே நன்றாகத் தூண்டப்படுவதால், செவ்வொளி அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. இந்த இனத்தின் முட்டைகள் பெரியவை. அரிசி மணிகளைக் காம்போடு கட்டித் தொங்கவிட்டது போல் பொந்தின் சுவரிலோ கூரையிலோ ஒட்டியிருக்கும். முட்டை தென்படாவிட்டால் வலப்பக்கத்து மூன்றாவது கையைக் கவனியுங்கள். அதன் நுனியில் உறிஞ்சிகள் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது ஆண். அப்படியானால் உண்ணாமைக்கு முதுமையே காரணமாக இருக்கலாம்.

நீரைச் சூடாக்கவே கூடாது. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். அதே வேளையில் உடலுக்கு அதன் தேவை கூடும். ஆக்டோபஸின் நீல இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கொண்ட ஹீமோசயனின். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவுக்கு அது ஆக்சிஜனைச் சுமப்பதில்லை என்பதால், இந்த உயிரினத்துக்குத் தாங்கும் எல்லை குறுகியது. நோயோ என்ற ஐயத்தில் மீன்களுக்கான செம்பு மருந்தையும் ஊற்றிவிடாதீர்கள். நீரில் கரைந்த செம்பு இதற்கு நஞ்சு.

அலைவாய்

உங்கள் கணிப்பு சரி. நேற்றிரவு பொந்தின் கூரையில் வெண்ணிற மணிகள் கொத்தாகத் தொங்குவதைக் கண்டேன். அவள் (இனி அப்படித்தான் எழுத வருகிறது) ஒரு கையின் நுனியால் அவற்றின் ஊடே மெதுவாகத் துழாவிக்கொண்டும், இடையிடையே நீரைப் பீய்ச்சி அலசிக்கொண்டும் இருந்தாள். ஏறக்குறைய அரை மணி நேரம் பார்த்தேன். அந்த வேலை நிற்கவில்லை.

ஆனால் சிறு குட்டியாக வந்த நாள் முதல் அவள் தனியாகவே வளர்ந்தவள். எந்த ஆணுடனும் சேர்ந்ததில்லை. அப்படியானால் இந்த முட்டைகள் பொரிக்காது அல்லவா? அவற்றை அகற்றிவிட்டால் அவள் மீண்டும் உண்ணத் தொடங்குவாளா?

பதில்: உப்பளத்தான்

பொரிக்காத முட்டைகள் நாளடைவில் அழுகும், அம்மோனியா ஏறும். என் தொட்டியில் ஒருமுறை இறந்த நண்டு ஒன்று பாறைக்குப் பின்னால் கிடந்ததைக் கவனிக்காமல் விட்டு, இரண்டே நாளில் நீர் முழுவதும் கெட்டு, பல உயிர்களை இழந்தேன். அந்த அனுபவத்தால் சொல்கிறேன்: பயனற்றவை என்று தெரிந்தபின் அவற்றை விட்டுவைப்பதில் பொருளில்லை. மெல்ல அகற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பதில்: பவளத்திட்டு

உப்பளத்தான் அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் இதில் நான் உடன்படவில்லை. அவள் உண்ணாதிருப்பதன் காரணம் முட்டைகளில் மட்டும் இல்லை. 1977இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் வொடின்ஸ்கி, அடைகாத்துக்கொண்டிருந்த கரீபிய ஆக்டோபஸ்களின் கண்களுக்குப் பின்னால் உள்ள பார்வைச் சுரப்பிகளை அறுவை மூலம் நீக்கினார். அவை அடைகாப்பதைக் கைவிட்டு, மீண்டும் இரை தின்று, கூடுதல் காலம் வாழ்ந்தன. பட்டினியையும் தளர்ச்சியையும் நடத்துவது அந்தச் சுரப்பியே. எனவே முட்டைகளைப் பறித்தால் பசி திரும்பும் என்று நம்ப இடமில்லை. அவள் கட்டிய சுவரை உடைத்து, கையை உள்ளே விட்டு, மை கக்கும் அளவுக்கு அச்சுறுத்துவது மட்டுமே மிஞ்சும்.

நீர் கெடும் என்பதற்குத் தீர்வு உண்டு. நாள் விட்டு நாள் அம்மோனியாவை அளந்து, வாரந்தோறும் சிறிதளவு நீரை மாற்றி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் கரி வடிகட்டியையும் ஓட விடுங்கள். அவள் முட்டைகளைத் துழாவி அலசிக்கொண்டிருக்கும் வரை அழுக்கும் பூஞ்சையும் எளிதில் படியாது. துழாவுவதை நிறுத்திவிட்டாலோ அளவுகள் ஏறினாலோ அப்போது அகற்றுங்கள். அந்தக் கட்டத்தில் உப்பளத்தான் சொல்வதுதான் சரி.

நாள்தோறும் ஒரு நண்டுக்காலை வாசலில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எடுக்காவிட்டால் அகற்றிவிடுங்கள்; வற்புறுத்த வேண்டாம். கருவுற்ற முட்டைகளாக இருந்தால் சில வாரங்களில் முட்டையின் மெல்லிய உறை வழியே குஞ்சுகளின் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை தெரிய வாய்ப்பில்லை.

இனி எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். இந்த இனத்தின் மொத்த ஆயுளே ஓரிரு ஆண்டுகள்தான். கலிபோர்னியக் கரையோர மான்டெரே கடற்பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில், ஓர் ஆழ்கடல் ஆக்டோபஸ் 2007 முதல் 53 மாதங்கள் ஒரே பாறையில் அடைகாத்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். போய்ப் பார்த்த ஒரு முறைகூட அது இரை உண்டதைக் காணவில்லை. அங்கு நீர் மிகக் குளிர்ச்சி. உங்கள் தொட்டி அவ்வளவு குளிரில்லை என்பதால் அடைகாப்பு சில மாதங்களைத் தாண்டாது. அடைகாப்பு முடிந்தபின் தளர்ந்த பெண் ஆக்டோபஸ் பொந்தை விட்டு இலக்கின்றி அலைவதுண்டு. ஆகவே இப்போது அசையாமல் இருக்கிறாள் என்று மூடியின் பூட்டைத் தளர்த்திவிடாதீர்கள். 2009இல் சான்டா மோனிகா கடற்கரைக் காட்சியகத்தில் இதே இனத்து ஆக்டோபஸ் ஒன்று வால்வைக் கழற்றி, ஏறக்குறைய 200 கேலன் நீரை இரவோடிரவாகத் தரையில் ஓடவிட்டது.

அலைவாய்

நன்றி. முட்டைகளைத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், குஞ்சு வராது என்பது ஆக்டோபஸுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு அவளே ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்து, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது, நிறம் என்ன, எந்தக் கையால் துழாவுகிறது என்று மூன்று கோடுகள் போட்டு எழுதத் தொடங்கினாள். இன்றைய கணக்கு: மூச்சு 22, நிறம் சாம்பல், இடப்பக்கத்து இரண்டாவது கை. நண்டுக்காலை எடுக்கவில்லை. அம்மோனியா இல்லை.