புதுப்பிப்பு: பூட் ஆகும்போது வந்த அந்த மைக்ரோகோடு எச்சரிக்கை

கிண்டி அலுவலகத்தில் ஓடும் பழைய விர்ச்சுவல் மெஷின்களில் (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) லினக்ஸ் தொடங்கும்போதெல்லாம் "டிஎஸ்சி டெட்லைன் முடக்கப்பட்டது, மைக்ரோகோடைப் புதுப்பிக்கவும்" என்று வருகிறதே, பிராசஸர் பழுதா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

பழுது இல்லை. டிஎஸ்சி டெட்லைன் என்பது பிராசஸருக்குள் இருக்கும் ஒரு டைமர்; மைக்ரோகோடு என்பது பிராசஸருக்குள்ளேயே ஓடும், புதுப்பிக்கக்கூடிய சிறு நிரல். ஹாஸ்வெல், ஸ்கைலேக் போன்ற சில இன்டெல் சிப்களில், மைக்ரோகோடு பழையதாக இருந்தால் இந்த டைமரில் உண்மையாகவே பிழை உண்டு. அதனால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சிப்பின் மாடலையும் மைக்ரோகோடு எண்ணையும் பார்த்து டைமரை முடக்குவதா என்று முடிவெடுக்கிறது. ஆனால் விஎம்முக்குள் தெரியும் எண் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) காட்டுவது. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் பெரும்பாலும் வெறும் 1. ஹோஸ்ட்டில் (விஎம் ஓடும் உண்மையான கணினியில்) புதிய மைக்ரோகோடு இருந்தாலும் உள்ளே இருக்கும் கெர்னலுக்கு அது தெரியாது. உள்ளிருந்து புதுப்பிக்கவும் முடியாது! செய்ய முடியாத வேலையைச் செய்யச் சொல்லும் எச்சரிக்கை ஆளைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது.

2017-இல் கெர்னலிலேயே இதைத் திருத்திவிட்டார்கள்: ஹைப்பர்வைசருக்குள் ஓடினால் இந்தச் சோதனையே நடக்காது. புதிய கெர்னலுக்கு மாற்றினேன், அந்த வரி போய்விட்டது. டைமரும் முடங்கவில்லை.

அப்புறம் ஒன்று: இதே வரி விஎம் இல்லாமல் நேரடி வன்பொருளில் வந்தால் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். அங்கே மைக்ரோகோடைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.