நாவலை யாருக்கு அனுப்புவது?

கிராணி மகன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வாழ்க்கையை வைத்து 240 பக்க நாவல் முடித்துவிட்டேன். சென்னைப் பதிப்பகம் ஒன்று ஐந்தே நாளில் ‘பிரமாதம்’ என்றது. ஆனால் 300 பிரதிகளை நானே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மகளோ, எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் லண்டன் முகவர் ஒருவரைத் தேடச் சொல்கிறாள். எதை நம்புவது?

நாலு பெட்டி:
ஐந்து நாளிலா? படித்திருக்கவே மாட்டார்கள், அண்ணே. அவர்கள் போட்ட புத்தகம் இரண்டை வாங்கித் தாளையும் பைண்டிங்கையும் எழுத்துப்பிழையையும் பாருங்கள். அப்புறம் அந்த எழுத்தாளர்களிடமே ராயல்டிக் கணக்கு வந்ததா என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். விற்காத புத்தகம் இன்னும் நாலு பெட்டி என் சாமி அறையில் கிடக்கிறது, விளக்கேற்றக்கூட இடமில்லை.

ஈப்போ வாசகி:
தமிழில் முகவர் வழக்கம் அரிது. நேராகப் பதிப்பகத்துக்குத்தான் அனுப்புவோம். லண்டன் முகவருக்கு ஆங்கிலப் பிரதி வேண்டும். பிரிட்டனுக்குள் விற்கும் வருமானத்தில் அவருக்குப் பொதுவாக 15 விழுக்காடு கமிஷன், அதுவும் பணம் வந்த பிறகுதான். படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். எந்த வகை நூல், எத்தனை அத்தியாயம் அனுப்பலாம் என்பதை அந்தந்த முகவரின் இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

நாலு பெட்டி:
இங்கே மலேசியாவிலேயே அச்சிட்டால் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் தேசிய நூலகத்தில் கிடைக்கும். 1986 சட்டப்படி 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும்.

கிராணி மகன்:
சரி, முதல் மூன்று அத்தியாயத்தை மகள் மொழிபெயர்க்கிறாள். தோட்ட மேற்பார்வையாளரைக் குறிக்கும் ‘மண்டோர்’ என்பதை அப்படியே விடலாமா என்று இப்போதே சண்டை.