கனவில் கண் கூசும் வெளிச்சம்: பலன் பார்க்கலாமா?

கேள்வி:
விடியற்காலைக் கனவில் திடீரென்று எல்லாம் வெளுத்து, கண் கூசி, விழிப்பு வந்துவிடுகிறது. பெரியவர்கள் நல்ல சகுனம் என்கிறார்கள். இணையத்தில் ஆளுக்கொரு பலன். எதை நம்புவது?

பதில் 1:
முதலில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மூடிய இமை வெளிச்சத்தை முழுசாக மறைக்காது; சிவப்பு ஒளி கணிசமாகவே உள்ளே வரும். 1958-இல் டிமென்ட், வோல்பர்ட் என்ற தூக்க ஆய்வாளர்கள் இருவரும் கனவுத் தூக்கத்தில் (கனவு அதிகம் வரும் தூக்கக் கட்டத்தில்) இருந்தவர்கள்மேல் விளக்கடித்துவிட்டு, எழுப்பிக் கேட்டார்கள். 23 சதவீதம் தடவை அந்த வெளிச்சம் மின்னலாகவோ தீயாகவோ கனவுக்குள் புகுந்திருந்தது.

ஒரு வாரம் ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் விளக்குகள்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மறு வாரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விழித்த மணி, வெளிச்சம் வந்த திசை, அப்போதைய மனநிலை மூன்றையும் உடனே நோட்டில் எழுதுங்கள். டியூப்லைட் போட்டால் பாதிக் கனவு மறந்துபோகும். பலரும் கனவு வந்த நாளை மட்டும் குறிப்பார்கள். வராத நாளும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

பதில் 2:
வெளிச்சம் வெளியிலிருந்து வரலாம் என்பது சரி. கனவு தானாக வெளிச்சத்தை உண்டாக்குவது அவ்வளவு சுலபமில்லை. கனவென்று தெரிந்தே கனவு காண்பவர்களை, கனவுக்குள் சுவிட்சைத் தட்டச் சொல்லிப் பார்த்தார் கனவு ஆய்வாளர் கீத் ஹெர்ன் (1981). பெரும்பாலானவர்களுக்கு விளக்கு எரியவில்லை. இருட்டுக் காட்சி சட்டென்று பிரகாசமாவதற்கு ஏதோ ஒரு தடை இருக்கிறது. கனவென்று தெரிந்தே கனவு காணப் பழகுபவர்கள் போடும் கண்பட்டைகளில் சிவப்பு எல்.இ.டி. வைப்பதும் இமையைத் தாண்டத்தான். ஒளி கூடினால் ஆள் எழுந்துவிடுவார், குறைந்தால் கனவுக்குள் போகாது.

கேட்டவர்:
ஜன்னல் கிழக்குப் பக்கம்தான். அப்போ விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது?

பதில் 3:
கனவுக்குப் பலன் சொல்லும் பழைய நூலான, பொன்னவன் இயற்றிய கனா நூலே, இரவின் முதல் யாமக் கனவு பலிக்க ஓராண்டும், விடியலை ஒட்டிய கடை யாமக் கனவு பலிக்கப் பத்து நாளும் கெடு வைக்கிறது. விடியற்காலைக் கனவுக்கு இத்தனை மதிப்பு வந்ததில் தூக்கத்தின் அமைப்புக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முதல் சுற்று பத்து நிமிடம் போல; விடியும் நேரத்தில் அரை மணியைத் தாண்டும். அதிலிருந்து நேரே விழிப்பதால் கனவு நன்றாக நினைவில் நிற்கும்.

திரை போட்ட வாரத்திலும் வெளிச்சம் வந்தால் அதோடு வந்த உணர்வைப் பாருங்கள். நிம்மதியா, பயமா என்பது வெளிச்சத்தைவிட அதிகம் சொல்லும். புதிதாக மாத்திரை ஏதும் ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். சில மன அழுத்த மாத்திரைகளும் பீட்டா பிளாக்கர் எனும் இரத்த அழுத்த மாத்திரைகளும் கனவைத் துல்லியமாக்கும். ஆனால் விழித்த பிறகும் கண்ணோரத்தில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ கனவு ஆராய்ச்சி வேண்டாம். விழித்திரை விலகலாக இருக்கலாம், அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.