மில்லில் ஒரு மொழி, ஆபீசில் ஒரு மொழி: தொலை அழைப்பு அனுபவங்கள்

கிராணி மகன்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை மில்லின் கணக்கு சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லோரி எடை போடும் இடத்தில் ஓடும் புரோகிராம் டெல்ஃபி என்ற நிரல்மொழியில் எழுதியது. பழசுதான், ஆனால் அந்த எடைக்கருவிக்கு அதை விட்டால் வேறு ஆளில்லை. ஆபீஸ் சர்வர் ஜாவா. சம்பளப் பட்டியல் போடுவது பைத்தான். மூன்றையும் சேர்த்து வைத்திருப்பது எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற தொலை அழைப்பு முறை; ஒரு புரோகிராம் இன்னொரு கணினியில் இருக்கும் வேலையை அழைத்துச் செய்ய வைப்பதுதான் தொலை அழைப்பு. 1998-இல் வந்த முறை. அழைக்க வேண்டிய வேலையின் பெயரையும் மதிப்புகளையும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் எழுதி, இணையப் பக்கங்கள் வரும் அதே எச்டிடிபி வழியாக அனுப்பினால், பதிலும் அப்படியே வரும். அனுப்பியது எந்த மொழி என்று சர்வருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

நான் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஐசி எண், அதாவது மலேசிய அடையாள அட்டை எண். நம் ஐசி 12 இலக்கம். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியின் முழு எண் 32 பிட், 2147483647-க்கு மேல் போகாது. பெரிய எண்ணைக் கொடுத்தால் பைத்தான் அங்கேயே மறுத்துவிடும். அதனால் முன்பு எழுதியவர்கள் ஐசியைத் தசம எண்ணாக மாற்றி அனுப்பியிருந்தார்கள். 12 இலக்கம் அதில் சேதமில்லாமல் அடங்கும், ஆகவே வருஷக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை. 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்ததும்தான் வெளியே தெரிந்தது. ஐசி பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது. 2001-இல் பிறந்தவருக்கு 01. எண்ணாக மாறியதும் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போய் 11 இலக்கம் ஆகிவிடும். சம்பளப் பட்டியலில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஒன்றும் விழாது. ஐசியை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே! எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, அனுப்பும்படி மாற்றினோம், முடிந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. சாயங்கால மழை, இடி, லைன் போய்விடும். எடைச்சீட்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பதிவும் ஆகிவிட்டது, ஆனால் பதில் திரும்பும் வழியில் லைன் அறுந்தது. டெல்ஃபி பக்கம் தெரிவதெல்லாம் 'பதில் இல்லை' என்பது மட்டும். அது மறுபடி அனுப்புகிறது. ஒரே லோரி இரண்டு தடவை கணக்கில் ஏறுகிறது. மறுபடி அனுப்பவே கூடாது என்று நிறுத்தினால், நிஜமாகவே போய்ச் சேராத சீட்டு விடுபடும். குலை வெட்டியவர் வயிற்றில் அடிப்பது அது.

இது புதுச் சங்கதி இல்லை. பிரெல், நெல்சன் இருவரும் 1984-இல் எழுதிய தொலை அழைப்புக் கட்டுரையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: பதில் வந்தால் வேலை சரியாக ஒரு தடவை நடந்திருக்கிறது. வராவிட்டால் ஒரு தடவை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், எது என்று அழைத்தவருக்குத் தெரியாது. பார்ப்பதற்குப் பக்கத்து ஃபங்ஷனை அழைப்பது போலவே இருப்பதால் இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் செய்தது: எடைச்சீட்டு எண்ணையும் அழைப்போடு அனுப்புகிறோம். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாது, முதலில் கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும். இப்போது எத்தனை தடவை அனுப்பினாலும் கவலையில்லை.

ரெண்டாவது டிவிஷன் (மறுமொழி)

அண்ணே, எங்கள் பக்கம் ஜிஆர்பிசி என்ற இன்னொரு தொலை அழைப்பு முறை. மண்டோர் (வேலைக் கண்காணிப்பாளர்) கையில் இருக்கும் போன் ஆப் கோட்லின் மொழி, சர்வர் கோ மொழி. அழைப்புகளையும் புலங்களின் வகைகளையும் எழுதி வைக்கும் ஒரே புரோட்டோ கோப்பிலிருந்து இரண்டு மொழிக்கும் குறியீடு தானாக உருவாகிவிடுகிறது, நீங்கள் சொன்ன ஐசி மாதிரிக் குழப்பம் பாதி அங்கேயே அடைபட்டுவிடும்.

ஆனால் சுழியம் எங்களையும் விடவில்லை. அந்தக் கோப்பை எழுதும் மொழியின் மூன்றாம் பதிப்பான புரோட்டோ3-இல் சாதாரண எண் புலம் 0 என்றால், அனுப்பும் தரவில் அது போகவே போகாது. ஒரு நிரையில் 'குலை 0' என்று மண்டோர் போட்டதும், அந்த நிரையைப் பார்க்காமல் விட்டதும் சர்வருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. புலத்துக்கு முன்னால் ஆப்ஷனல் என்று போட்ட பிறகுதான் இரண்டும் பிரிந்தன. அப்புறம் காலக்கெடு. நாமே வைக்காவிட்டால் ஜிஆர்பிசி அழைப்பு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்துக்கொண்டிருக்கும். சிக்னல் மெலிந்த காட்டுக்குள் மண்டோர் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், பாவம். பத்து விநாடி வைத்தோம், அதற்குள் பதில் இல்லையென்றால் போனிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். நீங்கள் சொன்ன சீட்டு எண் யோசனை இங்கேயும் வேண்டும், எடுத்துக்கொள்கிறேன்.

பழைய லயம் (மறுமொழி)

தம்பி, நேரத்தையும் பாருங்கள். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியின் தேதி வகையில் எந்த நாட்டு நேரம் என்பதற்கு இடமே கிடையாது, சர்வர்காரர்தான் தன் ஆவணத்தில் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஓர் இடத்தில் மில் மலேசிய நேரத்தை அனுப்பியது, சர்வர் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டது. எட்டு மணி நேரம் பிசகு. செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். நல்ல குலைகூட அறிக்கையில் பழசு என்று வந்தது. மாதக் கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்த லோரி அடுத்த மாதக் கணக்கில் விழுந்தது. உங்கள் டெல்ஃபி புரோகிராம் எந்த நேரத்தை அனுப்புகிறது, சர்வர் அதை என்னவென்று படிக்கிறது என்று இந்த மாத முடிவுக்குள் பார்த்துவிடுங்கள்.